தட்டாத நல்லி

ரோசம்மாளின் தட்டில் எலும்பு குவிந்து கிடந்தது. அவள் புருஷன் ஜெயராஜின் தட்டில் ஒன்றுகூட இல்லை.

குழாயடியில் கழுவப் போட்டிருந்த அந்த இரண்டு தட்டையும் பார்த்ததும் சந்திரகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாடி ரோசு இது? அவனுக்கு வெறுங் கொழம்ப ஊத்திட்டு, கறி பூரா நீயே துன்னியா?"

"ருசியா இருந்துச்சுக்கா. வாய் கேக்கல."

"வாய் கேக்கலியா? டாக்டர் சொன்னது காதுல உழலியா?"

ரோசம்மாளுக்குத் தொப்புளாண்ட குடல் இறங்கியிருந்தது. இருமினால் வலி, குனிந்தால் வலி. ஆபரேஷன்தான் வழி. ஆனால் திருவள்ளூர் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்த உடம்புல தையல் நிக்காதும்மா. எடையைக் குறைச்சுட்டு வா, செஞ்சுடலாம். அதுவரைக்கும் குடத்தைத் தொடாதே."

அன்றிலிருந்து அவள் வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் தூக்குவது அடுத்த வீட்டுச் சந்திரகலாதான். கோபம் வராதா பின்னே?

மற்ற நாளெல்லாம் ரோசம்மாள் ஒழுங்குதான். காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரி ஒரு வாய்க் கஞ்சி. இந்தப் புதன்கிழமை வந்தால்தான் பேஜாரு. கரண்டு கட்டு வந்ததிலிருந்து காக்களூர்ப் பக்கம் ஒவ்வொரு கம்பெனிக்கும் வாரத்தில் ஒவ்வொரு கிழமை லீவு. ஜெயராஜ் இரும்பு உருக்குகிற பட்டறைக்குப் புதன். ஊரே மாதா கோயிலுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஷிப்டு. அதனால் அவர்கள் வீட்டில் புதன்கிழமைதான் கறி.

ஜெயராஜே அம்மியில் மசாலா அரைத்துக் கொடுப்பான். லைன் வீட்டுப் பொம்பளைகள் அதைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். கொழம்பு கொதிக்க ஆரம்பித்தால் சிரிப்பு நின்றுவிடும். அப்படி ஒரு வாசனை!

அவன் சாப்பிட்டு எழுந்து வெற்றிலை வாங்கக் கடைக்குப் போன பிறகு, அவள் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். முன்பெல்லாம் அவள் சாப்பிடுவது லைனுக்கே தெரியும். நல்லி எலும்பைத் தட்டில் 'டங்கு டங்கு' என்று தட்டி, உள்ளே இருப்பதை உறிஞ்சாமல் விடமாட்டாள். ஜெயராஜுக்கு நல்லி பிடிக்காது. அவன் பங்கையும் இவளே தட்டுவாள். கல்யாணப் பந்தியிலேயே தட்டினவள் என்று கேலி செய்வான்.

"இப்ப அந்தச் சத்தமே காணோமே! ஒளிஞ்சுக்கினு துன்ற அளவுக்கு வந்துட்டியா?" என்றாள் சந்திரகலா.

ரோசம்மாள் சாம்பலைப் போட்டுத் தட்டைத் தேய்த்தாள்.

"நான் தண்ணி தூக்கி இடுப்பு ஒடிஞ்சு போறேன். நீ எலும்பு கடிச்சுக்கினு இரு. உன் ஊட்டுக்காரன் கையில சொல்றேனா இல்லியா பாரு!"

"சொல்லுக்கா. தாராளமா சொல்லு."

ஒரு வெட்கம்கூட இல்லை அந்த முகத்தில். சந்திரகலாவுக்கு இன்னும் ஏறியது.

மறுநாள் காலையில் சைக்கிளில் கிளம்பிய ஜெயராஜைத் தெருமுனையில் மடக்கினாள்.

"தம்பி, உன் பொண்டாட்டிக்கு ஆபரேஷன் ஆவணுமா வேணாமா?"

"ஏங்க்கா?"

"நேத்து அவ தட்டு பூரா எலும்பு. என் கண்ணால பாத்தேன்."

ஜெயராஜ் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். வாசலில் யாருமில்லை. சைக்கிளை ஸ்டாண்டு போட்டான்.

"நல்லிக்குள்ள காலியா இருந்துச்சாக்கா?"

சந்திரகலா யோசித்தாள். "இல்ல... அடச்சுக்கினுதான் இருந்துச்சு."

"அவ நல்லிய தட்டாம உடுற ஆளா? அத்தினியும் நான் துன்னுட்டுப் போட்ட எலும்பு. என் தட்டுலேர்ந்து அள்ளி அவ தட்டுல போட்டுக்கறா. அவ குடிக்கிறது கூழுதான்."

"எதுக்குடா இந்த வேஷம்?"

"மொத வாரம் அவ கூழு குடிக்கிறதப் பாத்துட்டு, எனக்கு மட்டும் இன்னா கறின்னு தட்ட தள்ளி உட்டேன். நான் துன்னணும்னு அவளும் குந்தி ஒரு புடி புடிச்சிட்டா. சரி, சமைக்கவே வேணாம்னேன். 'நெருப்பாண்ட நிக்கிற ஒடம்பு, ஒரு நாளாச்சும் வாய்க்கு ருசியா துன்ன வேணாமா'ன்னு ஒரே அழுவ. அதுக்கப்புறம்தான், தானும் துன்னாப்ல காட்ட இந்த எலும்பு வேல."

"தெரிஞ்சுக்கினே உனக்கு எப்பிடிடா சோறு எறங்குது?"

"எங்க எறங்குது? தொண்டையிலயே நிக்குது. ஆனா எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா, மறுபடியும் என்கூட குந்தி துன்ன ஆரம்பிச்சிடுவா. ஆபரேஷன் அம்போதான். இப்பதான் அவ வளையல் லூசாயி தொங்குது. நீ பாக்கலியா?"

சந்திரகலா பார்க்கவில்லை. எலும்பைத்தான் பார்த்திருந்தாள்.

"ஒரே ஒரு ஒத்தாச பண்ணுக்கா. எப்பவும் போல அவளத் திட்டிக்கினே இரு. நீ திட்டுனாத்தான், நானும் நம்பிட்டேன்னு அவ நெனப்பா."

அடுத்த புதன்கிழமை குழாயடியில் மறுபடியும் அதே தட்டு. எலும்பு குவிந்து கிடந்தது. நல்லியெல்லாம் அடைத்தபடி அப்படியே இருந்தது. தேய்க்கிற கையில் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

இந்தத் தடவை சந்திரகலா வளையலைத்தான் பார்த்தாள். ரோசம்மாளின் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கிற ஜெயராஜுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"அடிப்பாவி, இன்னிக்கும் சட்டிய காலி பண்ணிட்டியா? நீயெல்லாம் எந்தக் காலத்துலடி எளைக்கப் போற!"