பரோட்டா வீசும் கை

“போதும்ட்டி. கம்பெனி தர்றதையே போட்டுவிடு. நான் கடையில தட்டு கழுவிக்கிடுதேன்.”

“வீட்டுல ஒரு டம்ளர் கழுவியிருக்கீங்களா நீங்க?” என்றாள் ரோஸ்லின்.

அவள் கணவன், பரோட்டா மாஸ்டர் சூசையின் செயற்கை வலக்கை மடிக்கணினியோடு இணைந்து மேசைமேல் கிடந்தது. கையைச் செய்த கம்பெனியின் கர்னலை, அதாவது கையை இயக்கும் அடிப்படை மென்பொருளை, அப்படியே போட்டால் அந்தக் கை பரோட்டா வீசாது. அவ்வளவு வேகத்தை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு பாதியிலேயே நின்றுவிடும். அதனால் மூன்று வருடங்களுக்கு முன் ரோஸ்லினே கர்னலைத் திருத்தினாள். மொத்தம் நாற்பத்தொரு திருத்தங்கள். அன்றிலிருந்து, மாதாமாதம் கம்பெனி புதிய பதிப்பு வெளியிடும்போதெல்லாம் அத்தனையையும் அதில் மறுபடி பொருத்துகிறாள். பழைய பதிப்பிலேயே இருந்துவிடவும் முடியாது. அதிலுள்ள ஓட்டை வழியாக எங்கிருந்தோ எவனோ இணையத்தில் உள்ளே புகுந்து கையை ஆட்டிவைப்பான். இந்த முறை ஒன்பது திருத்தங்கள் பொருந்தவில்லை. அவளுக்கோ எட்டாம் மாதம்.

“அடுத்த மாசம் பிள்ளையைப் பாப்பியா, இந்தக் கையைப் பாப்பியா?”

“ரெண்டையும் நானேதான் பாக்கணும்னு யாரு சொன்னா?”

சாயங்காலத்துக்குள் ஒன்பதையும் பொருத்திவிட்டாள். சூசை கையை மாட்டிக்கொண்டு, மாவுக்குப் பதில் ஒரு ஈரத்துணியை வீசிப் பார்த்தான். துணி காற்றில் வட்டமாக விரிந்து பலகையில் பளாரென்று விழுந்தது.

ரோஸ்லின் நாற்பத்தொரு திருத்தங்களையும் ஒரே கட்டாகச் சேர்த்தாள். அதன் மேல் கம்பெனிக்கு இப்படி எழுதி அனுப்பினாள்:

“எங்கள் ஊரில் இந்த வேகத்தில்தான் பரோட்டா வீசுவார்கள். தயவுசெய்து இதை உங்கள் பதிப்பிலேயே சேர்த்துக்கொள்வீர்களா?”