நிறுத்தச் சொன்ன டாக்டர்

நத்தத்திலிருந்து நெஞ்சுவலியோடு வந்த ஜக்கம்மாளின் இ.சி.ஜி.யைப் பார்த்ததும் டாக்டர் அருள்நாதனுக்குச் சுருக்கென்றது. போன வருடம்தான் அவளுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்.

"ஆஸ்பிரின் மாத்திரையத் தவறாமப் போடுறீங்களா?"

"அத நிறுத்தி ஒரு மாசமாச்சுய்யா."

"யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?"

"டாக்டர் ஒருத்தர்தான் சொன்னாரு. வயசானவங்களுக்கு அது வேணாமாம், வயித்துல ரத்தம் கசியுமாம். புது ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்களாம்."

அருள்நாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த ஆராய்ச்சி இதய நோயே இல்லாதவங்களுக்குத்தாம்மா! ஸ்டென்ட் வச்சவங்க நிறுத்துனா உயிருக்கே ஆபத்து. இதுகூடத் தெரியாம எவன் சொன்னான்?"

"விடுங்கய்யா, நல்ல மனுசன்."

"நல்ல மனுசனா? உங்களைக் கொல்லப் பாத்திருக்கான்! பேரைச் சொல்லுங்க."

ஜக்கம்மாள் தயங்கித் தயங்கிச் செல்போனை நீட்டினாள். மகன் அனுப்பிய வீடியோ ஓடியது. திண்டுக்கல்லில் நடந்த டாக்டர்கள் கூட்டத்தில் புது மருந்துச் செய்திகளை விளக்கிக்கொண்டிருந்தவர், டாக்டர் அருள்நாதன். எதிரே இருந்தவர்கள் எல்லோரும் டாக்டர்கள் என்பதால், ஸ்டென்ட் வைத்தவர்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து போய், தானே மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தார்.

"மென்னு முழுங்குங்கம்மா. நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. இன்னைக்கே அட்மிட் ஆகிடுங்க. இனிமே உங்களை நேர்ல பாக்காம எந்த டாக்டர் சொன்னாலும் மாத்திரைய நிறுத்தாதீங்க."

"நீங்க சொன்னாலுமாய்யா?"

"நான் சொன்னாலும்தாம்மா."