சிவப்பு வெள்ளைக் கட்டைகள்

“பத்துக்குப் பத்தும் தப்பு!”

சுகாசினி பேனாவை மூடினாள். அந்தத் தனியார் பள்ளியில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றுக்கு மட்டும் இலவச சீட். காஞ்சிபுரம் வட்டாரத்திலிருந்து பதினேழு பிள்ளைகள் வந்திருந்தார்கள். யாருக்குத் தரலாம் என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை.

கடைசியாக வந்தவள் பிள்ளையார்பாளையம் தேவிப்ரியா. மூன்றாம் வகுப்பு. மனக்கணக்கில் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் சொன்னாள். ஆனால் அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்து அதே மாதிரி சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கச் சொன்னபோது, பத்துப் படத்தையும் தலைகீழாக அடுக்கிவிட்டாள். தலைகீழாக இருந்தால் மார்க் கிடையாது என்பது விதி.

பக்கத்தில் நின்ற அப்பா ஆனந்தராஜ் முகத்தில் ஈயாடவில்லை.

“இன்னொரு வாட்டி பாருங்கம்மா. இவ படிக்கிற ஸ்கூல் ஹெட்மாஸ்டரே லெட்டர் எழுதிக் குடுத்துக்கிறாரு. இத விட்டா, ஃபீஸ் கட்டி இந்த மாதிரி ஸ்கூல்ல சேக்க நம்மளால ஆவாதும்மா.”

‘ஹெட்மாஸ்டருக்கென்ன, யார் கேட்டாலும் எழுதுவார். கணக்கை வீட்டில் உருப்போட வைத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். கட்டையை உருப்போட முடியுமா?’ என்று நினைத்துக்கொண்டாள் சுகாசினி.

இருந்தாலும் ஒன்று அவளைக் குடைந்தது. தெரியாத பிள்ளை ஒன்றைச் சாய்த்து வைக்கும், ஒன்றைப் பாதியில் விட்டுவிடும். இவளோ பத்தையும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி தப்பாகச் செய்திருக்கிறாள். அதெப்படி?

“பாப்பா, இந்தப் படம் உனக்கு எப்படித் தெரியுது?”

“நேராத்தான் மிஸ்.”

“அப்போ ஏன் தலைகீழா வெச்ச?”

“பாப்பா, சொல்லுமா” என்று கெஞ்சினார் ஆனந்தராஜ்.

தேவிப்ரியாவுக்குக் கேள்வியே புரியவில்லை. மிஸ்ஸையும் கட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“தலைகீழா எங்க மிஸ் இருக்குது? எங்கப்பா பட்டுக்கடையில சேலை விரிச்சாருன்னா, எதுத்தாப்புல உக்காந்துக்கினு இருக்கிறவங்களுக்கு நேராத் தெரியற மாதிரிதான் விரிப்பாரு. இங்க நீங்கதானே எதுத்தாப்புல உக்காந்துக்கினு இருக்கீங்க?”

சுகாசினி தன் நாற்காலியில் இருந்தபடியே கட்டைகளைப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தன. மற்ற பதினாறு பிள்ளைகள் அடுக்கியதையும் அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் பார்த்திருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“சரிடா கண்ணு. இப்போ உனக்கு நேராத் தெரியற மாதிரி அடுக்கு.”

“அது ஈஸியாச்சே மிஸ்!”

பத்தையும் மளமளவென்று அடுக்கி முடித்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை.

சுகாசினி சேர்க்கைப் படிவத்தை எடுத்தாள். அதில் ‘தேவிப்ரியா’ என்று எழுதினாள். கையெழுத்துக்காக ஆனந்தராஜிடம் அப்படியே நீட்டப் போனவள், சட்டென்று நிறுத்தி, அவர் படிக்க நேராக இருக்கும்படி திருப்பிக் கொடுத்தாள்.