ராஜா குத்திய ஊசி

"உர்சுலா! ராஜாவே என்னைப் பார்த்துப் பயந்துட்டார்!"

சர் ஆம்புரோஸ் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். ராஜா போட்ட புது வரியை நாடாளுமன்றத்தில் கிழித்துத் தொங்கவிட ஒரு பேச்சைத் தயாரித்து, தினமும் சாப்பாட்டு மேசையில் மனைவி உர்சுலாவிடம் முழங்கிக்கொண்டிருந்தவர் அவர்.

"என்னங்க ஆச்சு?"

"மாவட்டத்தை நிர்வகிக்கற ஷெரீப் பதவிக்கான பட்டியல்ல, என் பேர்மேல ராஜா தன் கையாலேயே ஊசி குத்தித் தேர்ந்தெடுத்துட்டார். இனி ஒரு வருஷம் நான்தான் நார்ஃபோக் ஷெரீப். ஊரை விட்டு நகரக் கூடாது, நாடாளுமன்றத்துக்கும் போக முடியாது. என் வாயை அடைக்க அவருக்கு வேற வழி தெரியலை!"

"ஐயோ, அவ்வளவு நல்ல பேச்சாச்சே!" உர்சுலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போன தடவை பேசின உங்க சிநேகிதர் இன்னும் லண்டன் கோட்டைச் சிறையிலதானே இருக்கார்?"

"அவனை உள்ளே தள்ளினாங்க. என்னைத் தள்ளத் தைரியம் வரலை பாரு!"

மீசையை முறுக்கிக்கொண்டே ஊரெல்லாம் சொல்லக் கிளம்பினார்.

உர்சுலா நேரே சமையலறைக்குப் போனாள். "கொழுத்த வாத்தா ரெண்டு பிடிச்சு லண்டனுக்கு அனுப்பு."

"யாருக்கும்மா?" என்றாள் சமையல்காரி.

"அரண்மனையில வேலை பாக்கற என் தம்பிக்கு. ராஜா கையில ஊசியை எடுத்துக் கொடுத்தது அவன்தான். எந்தப் பேர்ல குத்தணும்னு சொன்னது நான்."