காயாத நீலம்

"பெயிண்ட் காயறதுக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் கணவன், புதிதாக நீலம் அடித்த அந்த இரும்புக் கேட்டைத் தாண்டிப் போனான். வருடங்கள் ஓடின, நீலம் காயவேயில்லை. தினமும் காலையில் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் தொட்டுப் பார்ப்பாள். விரலில் ஒட்டும். மனிதன் இன்னும் வாக்குத் தவறவில்லை என்று அடுப்படிக்குத் திரும்புவாள்.

"அத்தானுக்கு இல்லாத ஒட்டுதல் இந்தப் பெயிண்டுக்கு இருக்குக்கா. தள்ளு, சுரண்டித் தொலைப்போம்" என்று ஒருநாள் தங்கை தின்னரோடு வந்து நின்றாள்.

அக்கா அரைமனதாகச் சுரண்டினாள். நீலம் வழிந்து இறங்க, அடியில் பச்சை தெரிந்தது. 'இந்த வீட்டுக்கு வாழ வந்த முதல் பொண்ணு நீதான்' என்று கணவன் சொல்லியிருந்தானே?

பச்சையும் ஈரமாகத்தான் இருந்தது. அவள் தினமும் தொடும் அதே இடத்தில், அவளுடையதைவிடச் சின்னதாக, யாரோ ஒருத்தி தொட்டுத் தொட்டுப் பார்த்த விரல் தடங்கள்.

"அக்கா, அதுக்கும் அடியில மஞ்சள் தெரியுது" என்றாள் தங்கை.