அழகர் எடுத்த மூன்று புத்தகங்கள்

என்னை நலன்புரிச் சங்கத் தலைவர் பதவியிலிருந்து இறக்கியவன் அழகர்.

அப்போது அவன் செயலாளர். எங்கள் வரிசை வீடுகளான லயத்துக் கூரைக்குத் தகரம் கேட்கும் மனு என்று சொல்லி, சிங்களத்தில் எழுதிய ஒரு தாளை நீட்டினான். எனக்குத் தமிழே ஐந்தாம் வகுப்பு வரைதான். நம்பிக் கையெழுத்துப் போட்டேன். நானாகவே விலகுகிறேன் என்று அதில் எழுதியிருந்ததாம்.

பதினோரு வருஷமாக அவன்தான் தலைவர். பதினோரு வருஷமாக நான் ஒரு மன்னிப்புக்குக் காத்திருக்கிறேன்.

அந்த அழகர்தான் இந்த ஆகஸ்ட் லீவில் புத்தகமாக வாசித்துத் தள்ளுகிறான் என்றார்கள். நம்ப முடியவில்லை. வாசிகசாலைக்கே போய்ப் பார்த்தேன்.

மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வாசிகசாலை என்பது, முன்பு வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுவைத்த பழைய பிள்ளைமடுவத்தில் ஒரு அறை. கலாராணி டீச்சர் பார்த்துக்கொள்கிறார். லீவுக்கென்று பதுளையிலிருந்து பத்துப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். அரசியல், அதிகாரம், சமூகம் என்று மட்டையில் எழுதி மேலே மாட்டியிருந்தது. யார் எதை எடுத்தார்கள் என்று சுவரில் ஒரு தாள். அதில் அழகர் பெயர் மூன்று தடவை.

"அதிகாரத்தைப் பத்தி அவன் புஸ்தகம் பாத்தா படிக்கணும்? அவனே ஒண்ணு எழுதலாமே" என்றேன்.

டீச்சர் சிரித்தார். "எழுதினா மொத பிரதி உங்களுக்குத்தான். நீங்களும் ஒண்ணு எடுங்களேன், காத்தமுத்தண்ணே."

"என்னத்துக்கு எடுக்கிறான்?"

"வாசிக்கத்தான்."

சொல்லிவிட்டு, சுத்தமாக இருந்த அலுமாரியைத் துடைக்கத் தொடங்கினார்.

அது என் மண்டையைக் குடைந்தது. நான்கு நாள் அவனைக் கவனித்தேன். சாயங்காலமானால் கேரம் விளையாடுகிறான். வாசிக்கிற கண்ணாடி கூடக் கிடையாது. அவனுக்குக் கொழுந்து நிறுக்கிற வேலை. காலையில் புத்தகத்தோடு நிறுக்கிற இடத்துக்குப் போகிறான். அரை மணித்தியாலத்தில் பார்த்தால் கையில் புத்தகம் இல்லை.

தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் அவனை மடக்கினேன்.

"என்ன அழகர், பெரிய பெரிய புஸ்தகமா வாசிக்கிறியாம்?"

"ஆமாங்கண்ணே."

"என்ன போட்டிருக்கு அதில?"

"இன்னும் முடியலைங்க."

"ஓ. சிங்களத்தில இருந்தா சீக்கிரம் முடிச்சிருப்ப."

அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

வீட்டில் மருமகள் விஜயலெட்சுமி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னேன்.

"அவர் எடுத்தா எடுத்துட்டுப் போறாரு மாமா. உங்களுக்கு என்ன?" என்றாள்.

"உனக்குத் தெரியாது. அவன் காரணமில்லாம ஒரு தாளைத் தொடமாட்டான்."

யோசித்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை புதுத் தலைவர் தெரிவு. நானும் நிற்கிறேன். புத்தகத்திலிருந்து நாலு வசனத்தை மனப்பாடம் பண்ணிச் சபையில் எடுத்துவிட்டு, என்னை ஒன்றும் தெரியாதவனாகக் காட்டப்போகிறான். இந்தத் தடவை விடுவதில்லை.

கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அழகர் பேசத் தொடங்கும் முன்பே எழுந்தேன்.

"தலைவரே, மூணு புஸ்தகம் வாசிச்சிருக்கீங்க. எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்க. கடைசிப் புஸ்தகத்தில என்ன இருக்கு?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"நான் வாசிக்கலைங்கண்ணே."

"பேரு போட்டிருக்கே."

"பேரு மட்டுந்தான் என்னோடது."

ஆண்கள் பக்கம் சிரிப்பு. "நல்லவேளை, பாஸ் பண்ணிட்டேன்னு சொல்லாம விட்டீங்க" என்றான் ஜீவன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"அப்ப யாருக்காக எடுத்த?" விடாமல் கேட்டேன்.

"அதை மட்டும் கேக்காதீங்க."

"கேப்பேன். சபைக்குத் தெரியணும்."

அழகர் தலையைக் குனிந்துகொண்டான். இன்னும் சிரித்தார்கள்.

பெண்கள் பக்கம் ஒருத்தி எழுந்தாள். விஜயலெட்சுமி.

"எனக்குத்தான் மாமா. நான்தான் எடுத்துத் தரச் சொன்னேன்."

"ஏன், உனக்குப் பேர் எழுதத் தெரியாதா?" என்றேன்.

"என் பேரை அந்தத் தாளில பாத்தா வீட்டுப் பக்கமே வராதேன்னு நீங்கதானே சொன்னீங்க. கொழுந்து எடுக்கிறவளுக்கு அரசியல் எதுக்குன்னு கேட்டீங்க. அதான் தலைவர் பேரில எடுத்து, கூடைக்குள்ள வச்சு, மலையில சாப்பாட்டு நேரம் வாசிச்சேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் உட்காரவில்லை.

"கடைசிப் புஸ்தகத்தில என்ன இருக்குன்னு கேட்டீங்களே. அதை வாசிச்சப்புறம் எனக்கு ஒண்ணு தோணிச்சு. இனிமே சங்கத்துக்கு வர்ற எந்தத் தாளையும், எல்லாருக்கும் முன்னால தமிழில வாசிச்சுக் காட்டின பிறகுதான் கையெழுத்துப் போடணும். தலைவர் நீட்டினாலும் சரி, யார் நீட்டினாலும் சரி."

அழகர் நிமிரவே இல்லை.

"இவளையே தலைவராப் போட்டா என்ன?" என்றாள் பெரியாயி. கை தூக்கச் சொன்னார்கள். எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் முதலில் தூக்கியவன் அழகர்.

வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் வந்து நின்றான். விட்டால் இனிக் கிடைக்காது என்று நானே கேட்டுவிட்டேன்.

"என்கிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கணும்னு உனக்கு இன்னும் தோணலையா?"

"தோணுதுங்கண்ணே."

மண்டபத்துக்குள் பெண்கள் நடுவே நின்ற விஜயலெட்சுமியைப் பார்த்தான்.

"நீங்க மொதல்ல உள்ள போய் அவகிட்ட கேட்டுட்டு வாங்க. நான் இங்கயே நிக்கிறேன்."