ஆளில்லாத அருவி

எங்கள் அருவியைக் கண்டுபிடிக்க வந்த ஏழாவது வெள்ளைக்காரர் அவர். முந்தைய ஆறு பேரைப் போலவே அவரையும் நாங்கள் நால்வர்தான் நாற்காலியோடு தோளில் தூக்கி வந்தோம். இறங்கியதும் தொப்பியைக் கழற்றினார், கண் கலங்கினார், படம் வரைய உட்கார்ந்தார்.

அருவிக்குக் கீழே என் மனைவி லுசாம்பா மரவள்ளிக்கிழங்கை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, படத்துல நீங்க விழுறீங்களாம். தள்ளிக்கச் சொல்றார்," என்றான் துபாஷி கபேயா.

"மறுபடியுமா?" என்றபடி தள்ளிப் போனாள்.

"கூடையும் தெரியுதாம்."

கூடையையும் எடுத்தாள். பிறகு காயப்போட்ட துணியை எடுக்கச் சொன்னார். எங்கள் வீட்டுப் புகை தெரிகிறதென்று அடுப்பை அணைக்கச் சொன்னார். கடைசியில் தூக்கி வந்த நாங்களும் அவளோடு பாறைக்குப் பின்னால் போய் நின்றோம்.

"அவன் அருவியக் கண்டுபிடிக்க நாம ஏன்யா ஒளியணும்?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள்.

இரண்டு மழைக்காலம் கழித்து எட்டாமவர் வந்தார். தூக்கி வர எங்களைக் கூப்பிடவில்லை. துப்பாக்கிக்காரர்களோடு நடந்தே வந்தார். கையில் அந்தப் படம், அச்சடித்தது. அதையும் கூடி நின்ற ஊரையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ கேட்டார்.

"இங்க ஆளே கிடையாதே, நீங்கல்லாம் எப்ப வந்தீங்கன்னு கேக்குறார்," என்றான் கபேயா, எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

லுசாம்பா கூடையை இறக்கிவிட்டு நேரே அவரிடம் போனாள். படத்திலிருந்த பாறைமேல் ஈர விரலை வைத்தாள்.

"இதுக்குப் பின்னாலதான் நிக்கிறோம், கபேயா. இப்பவாவது வெளிய வரலாமான்னு கேளு."